பத்து நிமிசம் ஓட விட்டேன்

சித்தெ நகந்து உக்காருங்க. ஆமாங்க, பொள்ளாச்சிதான். நீங்களும் பொள்ளாச்சியா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேன். ஒரு கிலோ மைசூர்பாகுங்க. சம்பந்தி வூட்டுக்கு வெறுங்கையோட போக முடியுங்களா? அதுவும் இன்னிக்கு நான் போற வேலைக்கு ஒரு கிலோ பத்துமான்னே தெரியல.

என் பேரு சென்னியப்பனுங்க. கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன். கிரைண்டருக்கு ஷாப்ட்டு கடையறதுதான் நம்ம தொழிலு. பஸ்ல போறானே, கார் இல்லாதவன்னு நெனச்சுப்போடாதீங்க. வூட்டுல மாருதி ஒண்ணு நிக்குது. அது போக இன்னொண்ணு நிக்குது பாருங்க, மாஸ்டா ஆர்எக்ஸ் த்ரீ. எழுபத்தி மூணாம் வருசத்து வண்டி. குன்னூர் எஸ்டேட்காரர் ஒருத்தர் கப்பல்ல எறக்குனது. அவரு காலத்துக்கப்பறம் கோழிக் கூண்டுக்குப் பக்கத்துல சாக்குப் போட்டு மூடிக் கெடந்துச்சு. நான் எடுத்துட்டு வந்து நாலு வருசம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். மஞ்சக் கலரு. பின்னாடி வட்ட வட்டமா நாலு லைட்டு. பாத்தீங்கன்னா கண்ணை எடுக்க மாட்டீங்க.

அதுல என்ன விசேசம்னு கேக்கறீங்க. கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். ரோட்டரி எஞ்சினுங்க! இந்த பஸ்ஸுல, உங்க கார்ல எல்லாம் பிஸ்டன் மேலயும் கீழயும் குதிச்சுக்கிட்டே கெடக்கும். இதுல குதிக்கிற வேலையே கெடையாது. நெலக்கடலை மாதிரி இடுப்பு ஒடுங்குன டப்பா ஒண்ணு. அதுக்குள்ள மூணு மூலை வெச்ச ரோட்டார் சுத்தும். அவ்ளோதான். நம்ம கிரைண்டர்ல கல்லு சுத்துதே, அப்படி. அதனாலதான் எனக்கு அந்த எஞ்சினைப் பாத்த ஒடனே ஒட்டிப்போச்சு. அட, இது நம்ம சாதி எஞ்சின்டான்னு தோணுச்சு.

ரெண்டு டிக்கெட்டா? இல்லீங்க கண்டக்டரே, ஒண்ணுதான். இவரு வேற, நான் வேற. பேசிட்டு வர்றோம், அவ்ளோதான்.

எதுல விட்டேன்? ஆங். இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுலயே அந்த மாதிரி எஞ்சின் நம்மகிட்ட மட்டுந்தான்னு நெஞ்சை நிமித்திட்டுத் திரிஞ்சேன். ஏழெட்டு வருசம் முன்னாடி பழைய கார் கண்காட்சி ஒண்ணு நடந்துச்சு. என் வண்டியைத் தொடச்சு நிறுத்திட்டுத் திரும்புறேன், பக்கத்துல செவப்பா ஒண்ணு வந்து நிக்குது. அதுவும் மாஸ்டா. அதுவும் ரோட்டரி. ஆர்எக்ஸ் செவன்! எண்பதாம் வருசத்து வண்டி. சோழவரத்துல ரேஸ் ஓட்டுன ஒருத்தர்கிட்ட இருந்து வாங்குனதாம். அதுல இருந்து ஒருத்தர் எறங்குறாரு. தும்பைப்பூ வேட்டி, தோள்ல ஒரு துண்டு. எறங்குன ஒடனே அந்தத் துண்டாலயே பானட்டைத் தொடைக்கிறாரு. பொள்ளாச்சித் தோப்புக்காரர், குழந்தைவேலுன்னு பேரு. அவருதானுங்க இப்ப என் சம்பந்தி.

அப்ப சம்பந்தி இல்லீங்களே. அப்ப எனக்கு வயித்தெரிச்சல்!

நான் நடுநெலையாச் சொல்லுவேன், எங்கிட்ட ஓரவஞ்சனை கெடையாது. ரெண்டு வண்டிக்கும் எஞ்சின் அண்ணந்தம்பி. ஆனா என்னுது மூத்தது. ஒலகத்துலயே கொஞ்சந்தான் மிச்சம் இருக்குது, அதனால சேத்து வெக்கிறவங்க எல்லாம் இதுக்குத்தான் அலையறாங்க. பின்னாடி ரெண்டு பேரு உக்காரலாம். குடும்பத்தோட கோயிலுக்குப் போலாம். அவருது என்னன்னா, தரையோட தரையா இருக்கும். ஏறுறதுன்னா குளிக்கக் கொளத்துல எறங்குற மாதிரி எறங்கணும். பின் சீட்டுன்னு ஒண்ணு இருக்குது, அதுல தேங்காயை வெக்கலாம், ஆளை வெக்க முடியாது. லைட்டு ரெண்டும் பானட்டுக்குள்ள படுத்திருக்கும், சுச்சு போட்டா எந்திரிக்கும். காருன்னா எப்பவும் முழிச்சுட்டு இருக்க வேண்டாமுங்களா? தூங்கி எந்திரிக்கறது என்ன பழக்கம்?

ஆனா ஒண்ணு. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு இருக்குதே, அதுல ஒருக்கா ரெண்டு பேரும் சேந்து ஏறுனோம். அவரு வண்டி ரோட்டை அப்படியே கவ்விப் புடிச்சுட்டுப் போகுது. எடை முன்னாடி பாதி பின்னாடி பாதின்னு தராசுல வெச்ச மாதிரி இருக்கும். என் வண்டிக்கு ஒவ்வொரு வளைவுலயும் பின்பக்கம் தனியா ஒரு யோசனை. மேல போறப்ப அவரு டீக் குடிச்சு முடிச்சுட்டாரு. நான் வழியில லாரி மறிச்சுருச்சுன்னு சொன்னேன். லாரி ஒண்ணும் மறிக்கலைங்க. இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்டச் சொல்றேன் பாருங்க.

ரெண்டு வண்டிக்கும் பொதுவா ஒரே ஒரு விரதம் உண்டு. அதைச் சொன்னாத்தான் மிச்சம் உங்களுக்குப் புரியும். எஞ்சின் சில்லுன்னு இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணீங்கன்னா, ஒடனே அணைக்கவே கூடாது. பத்து நிமிசம் ஓட விடணும். மீட்டர்ல சூடு காட்டற முள்ளு நடுவுக்கு வந்ததுக்கப்பறந்தான் சாவியைத் தொடணும். அவசரத்துல நாலடி நகத்தி அணைச்சீங்கன்னு வெச்சுக்கங்க, போச்சு. பெட்ரோல் உள்ள தேங்கி, பிளக்கு நாலும் நனைஞ்சு, அப்பறம் நீங்க குலதெய்வத்தைக் கூப்பிட்டாலும் எந்திரிக்காது. வெள்ளம் அடிச்சுருச்சுன்னு சொல்லுவோம். அந்த விரதத்தைக் காப்பாத்துறவன்தான் ரோட்டரிக்காரன். நானும் அவரும் அதுல சுத்தம்.

ஈச்சனாரி தாண்டிட்டமா? புள்ளையாரே, பாத்துக்கப்பா.

எங்க ரெண்டு பேருக்கும் வருசா வருசம் இதே ரகளை. கண்காட்சிக்கு வர்றவங்களை அவரு அந்தப் பக்கம் இழுப்பாரு, நான் இந்தப் பக்கம் இழுப்பேன். என் மக தாரணியும் வருவா, அவரு பையன் நவநீதனும் வருவாப்புல. பாவம், ரெண்டும் பந்தலுக்குக் கீழ ஆளுக்கொரு மூலையில சேரைப் போட்டுக்கிட்டு போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கும். அப்பன்களே எதிரிங்கறப்ப புள்ளைங்க எப்படிப் பேசிக்கும்? ஒண்ணு போன்ல என்னமோ தட்டும், கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு போனைப் பாத்துச் சிரிக்கும். அந்தப் போன்ல அப்படி என்னதான் வேடிக்கை இருக்குமோ!

அப்பறம் நான்தானுங்க யோசிச்சேன். நல்ல குடும்பம், நல்ல பையன், எஞ்சினியர் வேற. நானாப் போய்ப் பேசி, ஜாதகம் பாத்து, நானா முடிச்சேன். தாரணிகிட்டக் கேட்டப்ப ரெண்டு நாள் யோசிப்பான்னு பாத்தா, ரெண்டே செகண்டுல 'சரிங்கப்பா'ன்னுட்டா. அப்பன் சொன்னா மறுபேச்சுப் பேசாத புள்ளைங்க.

கல்யாணம் நிச்சயம் ஆனதும் எல்லாம் சுமுகமாப் போச்சு. சீரு, பந்தி, மண்டபம், எதுலயும் ஒரு வார்த்தை கூடக் கொறையப் பேசல. ஒண்ணே ஒண்ணுலதான் மாட்டுச்சு. தாலி கட்டுனதுக்கப்பறம் பொண்ணு மாப்பிள்ளை பொள்ளாச்சிக்கு எந்த வண்டியில போறது?

'மருமகளை எங்க வூட்டு வண்டியிலதானுங்க கூட்டிட்டுப் போகணும்'னு அவரு சொல்றாரு. 'பொண்ணை எங்க வூட்டு வண்டியிலதானுங்க அனுப்பணும்'னு நான் சொல்றேன். ரெண்டுல எது முறைன்னு பெரியவங்களைக் கேட்டா, அந்தக் காலத்துல ரெட்டை மாட்டு வண்டிங்கறாங்க. அது எதுக்கு ஆகும்?

வெளியில நான் சும்மா முறைக்குப் பேசறாப்புலதான் காட்டிக்கிட்டேன். உள்ளுக்குள்ள எனக்கு வேற இருந்துச்சு. அந்த வண்டியை நாலு வருசம் செஞ்சனே, ராவும் பகலும் பட்டறையில ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது யாருன்னீங்க? தாரணிதான். பன்னெண்டு சைஸுன்னு நான் சொல்றதுக்குள்ள கையில வெச்சிருப்பா. அவ என் வூட்டை விட்டுப் போற அன்னிக்கு அந்த வண்டியில ஏறிப் போகணும். நான் ஓட்டணும். கண்ணாடியில அவ மூஞ்சியைப் பாத்துட்டே பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டணும். அவ்ளோதான் ஆசை. ஆசைன்னு சொல்லிருந்தா அவரே வுட்டுக் குடுத்திருப்பாரு. நான் சொல்லலையே. என் வண்டிதான் ஒசத்தின்னு சண்டை போட்டேன்.

கடைசியில தாரணிதான் முடிச்சு வெச்சா. ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, 'அப்பா, மாமா, ரெண்டு வண்டியும் மண்டபத்துல நிக்கட்டும். கெளம்புற நேரத்துல எது மொதச் சாவிக்கு ஸ்டார்ட் ஆகுதோ, அதுல நாங்க போறோம். மறுபேச்சு இல்லை'ன்னுட்டா. 'அப்படிச் சொல்லு தாயி'ன்னு அவரு தொடையைத் தட்டிச் சிரிக்கிறாரு. நானும் சிரிச்சேன்.

தை மாசம், வெள்ளிக்கெழமை. ஆறு டு ஏழரை முகூர்த்தம். கண்ணு பட்டுரும், அவ்ளோ நல்லா நடந்துச்சு. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளை கெளம்பிரணும். ஒம்போதரை இருக்கும், மைக்குல கூப்புடறான், 'வாசலை மறிச்சுச் செவப்புக் காரு நிக்குது, தண்ணி லாரி உள்ள வரணும், காரை எடுக்கவும்'னு. உங்களுக்குத் தெரியாதா, மண்டபம்னா இதுதானே. தாலி கட்டுறப்பக்கூட எவன் காரையாவது எடுக்கச் சொல்லிக் கத்திட்டுத்தான் இருப்பான். சம்பந்தி மேடையில போட்டோவுக்கு நிக்கிறாரு, எறங்க முடியல. ஒறம்பரைச் சனம் வரிசை கட்டி நிக்குது. அங்கிருந்தே என்னைக் கண்ணால கூப்பிட்டு, இடுப்புல இருந்து சாவியை எடுத்துக் கையில வெச்சாரு. 'சம்பந்தி, இதை உங்களைத் தவிர யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்'னாரு.

அப்படிச் சொல்லித்தானுங்க குடுத்தாரு.

நான் போயி உக்காந்தேன். ஸ்டார்ட் பண்ணேன். ஒரே சாவிக்கு எந்திரிச்சுது, படுபாவி வண்டி! என்ன சத்தம், தேனீக் கூட்டம் கெளம்புன மாதிரி. ஆறடி பின்னாடி எடுத்தேன். தண்ணி லாரி உள்ள போயிருச்சு. அப்பறம்... அப்பறம் சாவியைத் திருப்பி அணைச்சுட்டனுங்க.

மறதின்னு வெச்சுக்கங்க. கல்யாண வூடு, ஆயிரம் வேலை. சாம்பார் பத்தலைன்னு ஒருத்தன் வந்து நிக்கிறான். யாருக்கா இருந்தாலும் மறக்கும்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? சரி, மறக்கலை. முள்ளைப் பாத்தேன், அது கீழயே கெடந்துச்சு. பாத்துட்டேதான் அணைச்சேன். போதுங்களா? மூணு வாரமா எனக்கு நானே மறதின்னு சொல்லிட்டுத் திரியறேன். மொத ஆளா உங்ககிட்ட ஒத்துக்கிட்டேன்.

சாவியைக் கொண்டுபோய்க் குடுக்கறப்ப அவரு கேட்டாருங்க. 'சூடு வந்துச்சுங்களா?'ன்னு. 'பத்து நிமிசம் ஓட விட்டேன், முள்ளு நடுவுக்கு வந்துச்சு'ன்னேன். 'உங்களைக் கேப்பனா நானு'ன்னு சிரிச்சுட்டுப் போட்டோவுக்குத் திரும்பிட்டாரு. பொண்ணு ரூம்பு சன்னல் வாசல் பக்கம் பாத்தாப்புல இருந்துச்சு. சேலை மாத்தப் போன தாரணி அதுல நின்னாளா இல்லையான்னு நான் கவனிக்கல.

பத்தேகால். மேளம் அடிக்குது. ரெண்டு பக்கத்துச் சனமும் வாசல்ல கூடிருச்சு. பொண்ணு மாப்பிள்ளை மாலையோட நிக்கிறாங்க. மாப்பிள்ளை வூட்டு வண்டிதான் மொதல்லன்னு நான் பெருந்தன்மையாச் சொன்னேன். சம்பந்தி ஏறி உக்காந்து சாவியைத் திருகுனாரு. சுத்துது, எந்திரிக்கல. 'இன்னொருக்கா'ன்னாங்க. சுத்துது, எந்திரிக்கல. அவரு பங்காளி ஒருத்தரு, 'ஏப்பா, பொட்டிக் கடையில நிக்கிற டிவிஎஸ்ஸைக் கொண்டாரட்டுமா?'ன்னு கேலி பண்றாரு. சனம் கொல்லுன்னு சிரிக்குது. சம்பந்தி எறங்குனாரு. பட்டு வேட்டி, நெத்தியில சந்தனம். பானட்டு மேல கையை வெச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நிக்கிறாரு. துண்டால தொடைக்கக்கூட இல்லை. வேர்த்துக் கொட்டுது மனுசனுக்கு.

இப்ப என் முறை. நான் என் வண்டியில உக்காந்தேன். சாவி கையில இருக்குது. அது எந்திரிக்கும்னு எனக்குத் தெரியும், காலையில எட்டு மணிக்கு இருவது நிமிசம் ஓட விட்டு வெச்சிருந்தேன். திருகுனா முடிஞ்சுது. அப்பத்தான் பாக்கறேன், தாரணி மாலையோட அவரு பக்கத்துல போயி நிக்கிறா. 'வுடுங்க மாமா, எது எது எப்பப் படுக்கும்னு யாரு கண்டா, வுடுங்க மாமா'ன்னு அவரு கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. தாலி கட்டி மூணு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள அவரு மானம் அவளுக்குப் பெருசாப் போச்சுங்க. என் புள்ளை எவ்ளோ நல்ல புள்ளைன்னு அந்த நிமிசம் எனக்கு நெஞ்சு நெறைஞ்சுது. நான் எவ்ளோ கேவலமானவன்னும் அதே நிமிசந்தான் தெரிஞ்சுது. கண்ணு கலங்கிருச்சுங்க எனக்கு.

சாவியைத் திருகாமயே எறங்குனேன். ஸ்பேனரை எடுத்தேன். நனைஞ்ச பிளக்கைக் காய வெச்சு மாட்ட நேரமில்லை, ராகு காலத்துக்குப் பத்து நிமிசந்தான். அவரு வண்டியில நாலு பிளக்கைக் கழட்டி, எஞ்சினைச் சுத்த விட்டுத் தேங்குன பெட்ரோலைத் துப்ப வெச்சேன். என் வண்டியில இருந்து நாலு பிளக்கைப் புடுங்கி அதுல மாட்டுனேன். பட்டுச் சட்டையெல்லாம் கரி. சப்பான்ல இருந்து வந்த பிளக்குங்க அது. 'சம்பந்தி, திருகுங்க'ன்னேன். எந்திரிச்சுது! மேளக்காரன் அடிச்சான் பாருங்க அடி! பொண்ணு மாப்பிள்ளை ஏறுனாங்க. ராகு காலத்துக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி வண்டி வாசலைத் தாண்டுச்சு.

கெணத்துக்கடவா? எறங்கறவங்க எறங்கட்டும், நீங்க காலை மடக்கிக்குங்க.

அதோட வாயை மூடிட்டு இருந்திருந்தாலும் பரவால்ல. சம்பந்தி என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'பிளக்கை நாளைக்கே கழட்டி அனுப்பறேன்'னாரு. நான், 'அதெல்லாம் வேண்டாமுங்க, நாலு பிளக்கும் பொண்ணுக்குச் சீரா இருக்கட்டும்'னு மைக்குக்குப் பக்கத்துல நின்னு சொல்லிப்போட்டேன். மண்டபமே கை தட்டுது! 'செயிக்கற வண்டியை நிறுத்திட்டு சம்பந்தி மானத்தைக் காப்பாத்துனவன்'னு ஒறம்பரை எல்லாம் ஒரு வாரம் இதே பேச்சு. எங்க பங்காளி வூட்டுல இப்பக்கூட என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருக்குது.

அன்னிக்கு எல்லாரும் போனதுக்கப்பறம், அவரோட நனைஞ்ச பிளக்கைத் தொடச்சுக் காய வெச்சு என் வண்டியில மாட்டித்தான் வூட்டுக்குப் போனேன். ஒரே சாவிக்கு எந்திரிச்சுது. பிளக்குல ஒரு கொறையும் இல்லை. அவரு வண்டியிலயும் ஒரு கொறையும் இல்லை. கொறை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். வூட்டுக்காரி, 'ஏனுங்க, பொண்ணை அனுப்புனதுக்கா அழுவறீங்க?'ன்னா. ஆமான்னேன்.

இதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். முடியலைங்க. அவருக்கு என் வாக்கு வேதவாக்கு பாருங்க. நான் பத்து நிமிசம் ஓட விட்டேன்னு சொன்னதை அப்படியே நம்பிட்டாரு. நம்புனா என்ன அர்த்தம்? சூடா அணைச்ச எஞ்சினுக்கு வெள்ளம் அடிக்குதுன்னா, உள்ள ரோட்டார் மூலையில இருக்கற சீல் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். சீல் போச்சுன்னா எஞ்சின் போச்சு. இங்க அதைப் பிரிச்சுக் கோக்கற ஆளும் கெடையாது. 'இது கெழடாயிருச்சு சம்பந்தி. மருமக வர்ற நேரத்துல என்னைத் தலை குனிய வெச்சுருச்சு. இனி இதைப் பாத்தா எனக்கு அந்த நெனப்புத்தான் வருது'ன்னு போன்ல சொல்றாரு. அன்னில இருந்து ஒரு நாளும் வெளிய எடுக்கவே இல்லையாம்.

கொச்சியில குரியன்னு ஒருத்தர், பழைய கார் சேத்து வெக்கிறவரு. பெரிய கொட்டாயில நாப்பது அம்பது வண்டி நிறுத்தி வெச்சிருக்காரு. ரோட்டரி வண்டி ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா எங்க ரெண்டு பேரையும் கேட்டுட்டு இருந்தாரு. 'மஞ்சளா செவப்பா, எது நல்லது?'ன்னு கேட்டுக் கேட்டு எங்களுக்குள்ள இன்னும் சண்டை மூட்டிவிட்ட ஆளு. அவரைக் கூப்பிட்டு சம்பந்தி குடுத்துடறேன்னுட்டாரு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு வர்றாராம். அதுவும் கேளுங்க, எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு சம்பந்தியே சொல்லிட்டதால, எஞ்சினைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, வெறும் பாடியை மட்டும் கண்ணாடிக்குள்ள நிறுத்திக்குவாராம். தேனீ மாதிரிச் சத்தம் போடற எஞ்சினுங்க! நல்லா இருக்கற எஞ்சினுங்க!

ஏழெட்டு வருசம் நான் என்ன கேட்டனோ அதுதானுங்க நடக்குது. அந்தச் செவப்பு வண்டி போயிட்டா இந்தப் பக்கம் என் மஞ்ச வண்டி ஒண்ணுதான். கண்காட்சியில பக்கத்துல எவனும் நிக்க மாட்டான். வாயை மூடிட்டு இருந்தாப் போதும். பெரிய மனுசன்ங்கற பேரும் இருக்கும். ஆனா பாருங்க, அவரு வந்து நிக்காத கண்காட்சிக்கு நான் எதுக்குப் போகணும்? யாரைப் பாத்து வயித்தெரிச்சல் படறது?

நேத்துக் காலையில தாரணி போன் பண்ணா. 'அப்பா, மாமா வண்டியைக் குடுக்கறாரு. நீங்க நாளைக்கு வாங்க'ன்னா. 'நான் வந்து என்ன சாமி பண்றது?'ன்னேன். 'வந்து சொல்லுங்க'ன்னா. 'என்ன சொல்றது?'ன்னேன். 'அன்னிக்கு நான் சன்னல்லதாங்கப்பா நின்னேன். நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்'னு போனை வெச்சுட்டா. கல்யாணத்துல இருந்து தெனம் பேசறா, ஒரு வார்த்தை கேக்கல என்னை. மூணு வாரம் எனக்காகக் காத்திருந்திருக்கா. நாலாவது வாரம் காத்திருக்க முடியாதுன்னுதான் போன் பண்ணிருக்கா.

அதுக்குத்தான் பஸ்ல வர்றேன். மாருதி சும்மாதான் நிக்குது. நானே ஓட்டிட்டு வந்தா ஒத்தக்கால் மண்டபத்துலயே வண்டியைத் திருப்பிருவேன், என்னைய எனக்குத் தெரியுமுங்க. பஸ்ஸுன்னா நம்ம இஷ்டத்துக்குத் திருப்ப முடியாதுல்ல.

நீங்க சொல்லுங்க, எப்படி ஆரம்பிக்கறது? 'ஒரு விசயம் பேசணும் சம்பந்தி'ன்னா அவரு பயந்துக்குவாரு. மைசூர்பாகைக் கையில குடுத்துட்டுச் சொல்லலாமா? வாயில போட்டுட்டு இருக்கறப்பச் சொன்னா ஒடனே திட்ட முடியாது பாருங்க. சிரிக்காதீங்க! நான் வழி கேக்கறேன், இவரு சிரிக்கறாரு.

பொள்ளாச்சி வந்துருச்சுங்களே. அதுக்குள்ளயா? இந்த டிரைவருக்கு என்ன அவ்ளோ அவசரம்? அட, அங்க பாருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, செவப்பா. அதேதான். நான் பஸ்ல வர்றதைத் தாரணி சொல்லிருப்பா, என்னைக் கூட்டிட்டுப் போக அந்த வண்டியிலயே வந்திருக்காரு. கடைசியா ஒருக்கா எடுத்திருப்பாரு போல. குளிப்பாட்டிப் பொட்டு வெச்சிருக்காரே மனுசன்! பக்கத்துல கண்ணாடி போட்டுட்டு நிக்கறது குரியன். அவரு கையில இருக்கறது சாவிங்களா? பதினோரு மணின்னாரு, இப்பவே குடுத்துட்டாரா? தாரணியும் நிக்கறா பாருங்க, அந்தப் பச்சைச் சேலை.

என்னால எறங்க முடியாதுங்க. எறங்குனா 'வாங்க சம்பந்தி'ன்னு ரெண்டு கையையும் புடிச்சுக்குவாரு. புடிச்சுட்டாருன்னா எனக்கு வாய் வராது, மூணு வாரமா அப்படித்தான் ஆச்சு. இங்க இருந்தே சொல்லிப்போடறேன். அந்தச் சன்னல் ஓரத்தைச் சித்தெ வுடுங்க. இந்த மைசூர்பாகைப் புடிங்க.

சம்பந்தி! சம்பந்தீ! இங்க, பஸ்ஸுல! வண்டியைக் குடுக்காதீங்க! எஞ்சின்ல ஒண்ணும் இல்லைங்க! பத்து நிமிசம் ஓட விட்டேன்னு சொன்னது பொய்யுங்க! ஆறடி எடுத்துட்டு ஒடனே அணைச்சுட்டேன்! தெரியாம இல்லை, தெரிஞ்சேதான் அணைச்சேன்! என் வண்டியில அவ போகணும்னு ஆசைப்பட்டுட்டனுங்க! சாவியைத் திருப்பி வாங்குங்க!

சொல்லிட்டனுங்க. பஸ்ஸு மொத்தமும் பாக்குது, பாக்கட்டும். நான் கண்ணை மூடிட்டேன், நீங்க எட்டிப் பாத்துச் சொல்லுங்க. என்ன பண்றாரு? சும்மா நிக்கறாரா? தாரணி? அழுவறாளா, சிரிக்கறாளா? ரெண்டுமா? அவரு? அவரு என்ன பண்றாருன்னு சொல்லுங்க மொதல்ல.

குரியன் கையில இருந்து சாவியைப் புடுங்கிட்டாருங்களா! நெசமாவா? அப்பறம்? துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு பஸ்ஸைப் பாத்து வர்றாரா?

வரட்டுங்க. அந்த மைசூர்பாகைக் குடுங்க, எறங்கறேன். அடிச்சா வாங்கிக்கறேன், சம்பந்தி கைதானுங்களே.